எதிரியின் முகவரி: டி செல் சிகிச்சையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

‘உடம்பின் சொந்தப் படையைக் கொண்டே புற்றுநோய் என்கிற எதிரியை அழிக்கும் சிகிச்சை.’ டி செல் சிகிச்சையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள். நாளிதழ்ச் செய்தி, மருந்துக் கம்பெனியின் பிரசுரம், டாக்டர் நோயாளிக்குச் சொல்கிற விளக்கம் எல்லாம் இதையே சொல்கின்றன. சொந்தம், படை, எதிரி. மூன்றே சொற்கள். கேட்கிறவருக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. இவ்வளவு சுலபமாகப் புரிந்துவிடுவதால்தான் இந்த வாக்கியத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சிகிச்சை பொய் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமில்லை. எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு இதனால் எழுந்து வந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நவீன மருத்துவம் என்றாலே சதி என்று கையை உதறிவிட்டுப் போகிற விமரிசனம், விஷயத்தைப் படிக்காமல் தப்பித்துக்கொள்கிற வழி. நாம் செய்ய வேண்டியது வேறு. உள்ளே செலுத்தப்படும் அந்தச் செல் உண்மையில் என்ன பண்ணுகிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். மேற்படி மூன்று சொற்களும் அதற்குப் பொருந்துகின்றனவா என்று கேட்க வேண்டும். பொருந்தவில்லையென்றால், பொருந்தாத சொற்கள் யாருக்கு வசதியாக இருக்கின்றன என்பது அடுத்த கேள்வி.

2

முதலில் சொல். ‘இம்யூனிட்டி’ என்பதைத் தமிழில் ‘நோய் எதிர்ப்பு சக்தி’ என்கிறோம். மூலச் சொல்லில் எதிர்ப்பும் இல்லை, சக்தியும் இல்லை. ரோமானியச் சட்டத்தில் ‘இம்யூனிதாஸ்’ என்றால் பொதுக் கடமைகளிலிருந்தும் வரிகளிலிருந்தும் ஒருவருக்கு அளிக்கப்பட்ட விலக்கு. சோழர் கல்வெட்டுகளில் ‘இறையிலி’ என்று வருகிறதே, கிட்டத்தட்ட அது. பெரியம்மை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வருவதில்லை. அந்த வரியை அவர் கட்டித் தீர்த்துவிட்டார், இனி அவருக்கு விலக்கு. சொல்லின் பழைய அர்த்தம் இவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிருமிகள் கண்டறியப்பட்ட காலத்தில், விலக்கு காவலாக மாறியது. 1882இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் எலீ மெச்னிகாஃப் நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றி அலைந்து திரியும் செல்கள் மொய்த்திருந்தன. அந்நியப் பொருளைத் தின்று உடலைக் காக்கும் செல்கள் இவை என்று அவர் முடிவுக்கு வந்தார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் ‘எதிர்ப்பு சக்தி’ என்று மொழிபெயர்த்தது இந்த இரண்டாவது அர்த்தத்தைத்தான். அதாவது தமிழில் இந்தப் பேச்சைத் தொடங்கும்போதே நாம் போர்க்களத்துக்குள் வந்துவிடுகிறோம்.

இதற்குத் தத்துவ உருவம் கொடுத்தவர் ஆஸ்திரேலியரான மக்ஃபார்லேன் பர்னெட். 1949இல் ஃபிராங்க் ஃபென்னருடன் சேர்ந்து எழுதிய நூலில் ‘தான்’, ‘தான் அல்லாதது’ என்கிற இருமை எதிர்வை அவர் நிறுவினார். உடல் தன்னைச் சகித்துக்கொள்கிறது, பிறவற்றை அழிக்கிறது. பிறகு 1950களின் இறுதியில் அவரும் லூயிஸ் தாமஸும் இந்தக் கருத்தைப் புற்றுநோய்க்கு விரித்தார்கள். புற்று செல்கள் உடம்பில் அவ்வப்போது தோன்றிக்கொண்டே இருக்கின்றன, எதிர்ப்புச் செல்கள் ரோந்து சுற்றிக் கண்டுபிடித்துத் தீர்த்துக்கட்டுகின்றன என்றார்கள். பர்னெட் இதற்கு வைத்த பெயர் ‘கண்காணிப்பு’. 1970இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே அதுதான். எல்லை, ஊடுருவல், உள்ளே ஒளிந்திருக்கும் துரோகி, ஓயாத கண்காணிப்பு. பனிப்போர்க் காலத்து அரசுகள் பேசிய மொழிக்கும் உடலியல் பேசிய மொழிக்கும் பெரிய வித்தியாசமில்லை. 1971 டிசம்பரில் நிக்சன் கையெழுத்திட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தை ‘புற்றுநோய் மீதான போர்’ என்றே அமெரிக்கா அழைத்தது. 1978இல் சூசன் சோன்டாக் இந்த உருவகங்கள் நோயாளியை எப்படி வதைக்கின்றன என்று எழுதினார். 1994இல் மானிடவியலாளர் எமிலி மார்ட்டின், எதிர்ப்பு மண்டலம் பற்றிய விஞ்ஞானப் பேச்சும் சந்தைப் பேச்சும் ஒன்றையொன்று எப்படி ஊட்டி வளர்க்கின்றன என்று காட்டினார்.

ஆனால் பர்னெட்டின் ‘தான்’ ஆரம்பத்திலேயே ஆட்டம் காண்கிற ஒன்று. 1945இல் ரே ஓவன் இரட்டைக் கன்றுகளின் ரத்தத்தைச் சோதித்தார். வயிற்றுக்குள் ஒரே ரத்த ஓட்டத்தைப் பகிர்ந்துகொண்ட கன்றுகள் வளர்ந்த பிறகும் ஒன்றின் ரத்த செல்களை இன்னொன்று தாங்கிக்கொண்டிருந்தன. அந்நியம் உள்ளேயே குடியிருக்கிறது, சண்டை இல்லை. ‘தான்’ என்பது பிறவியிலேயே எழுதி வைக்கப்பட்டதன்று, பழக்கத்தில் உருவாவது என்று இதிலிருந்து தெரிந்தது. பர்னெட்டே இதைத் தன் கோட்பாட்டுக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார். அவ்வளவு தூரம் போவானேன்? தாயின் வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை பாதி அந்நியம். குடலில் கோடானுகோடி பாக்டீரியா. யார் இவர்களை எதிரி என்கிறார்கள்?

சரி, அப்ப கேன்சர்ங்கிறது யாரு? அது வெளியிலிருந்து வந்ததில்லை. நம்முடைய செல்தான். நம் டிஎன்ஏவில் சில எழுத்துகள் பிறழ்ந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் பெருகுகிற நம் செல். குறளில் ‘உட்பகை’ என்று தனி அதிகாரமே இருக்கிறது. ஆனால் அங்கேகூட நண்பன் வேறு, நண்பனாக நடிக்கும் பகைவன் வேறு. இங்கே அந்தப் பிரிவினையும் கிடையாது. ‘தான்’, ‘பிற’ என்கிற கத்தி இந்த இடத்தில் மழுங்கிப் போகிறது.

3

டி செல்லின் பார்வை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு செல்லும் தனக்குள் உற்பத்தியாகிற புரதங்களின் துணுக்குகளை எம்எச்சி என்கிற தட்டில் வைத்து வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிறது. டி செல் வீடு வீடாகப் போய் அந்தத் தட்டைத் தொட்டுப் பார்க்கிறது. தெரியாத துணுக்கு இருந்தால் வேலையை ஆரம்பிக்கிறது. பெர்ஃபோரின் என்கிற புரதத்தால் சுவரில் துளை போட்டு, கிரான்சைம் என்கிற நொதிகளை உள்ளே செலுத்துகிறது. அந்த நொதிகள் எதிரே இருக்கிற செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் தற்கொலை ஏற்பாட்டை முடுக்கிவிடுகின்றன. நாம் ‘கொல்வது’ என்று சொல்வது உண்மையில் ‘செத்துப்போ’ என்று சொல்லி இணங்கவைப்பது.

நம் சொந்தத் துணுக்குகளைக் கண்டு வெறிகொள்ளும் டி செல்கள் தைமஸ் சுரப்பியிலேயே களையெடுக்கப்படுகின்றன. அங்கே உருவாகும் செல்களில் மிகப் பெரும்பாலானவை வெளியே வருவதே இல்லை. இதனால்தான் புற்று செல்லுக்கு நல்ல காலம். அதன் தட்டில் இருப்பதில் முக்கால்வாசி பழகிய பண்டம். கொஞ்சம் வித்தியாசமாக எதுவும் இருந்தாலும், பல புற்று செல்கள் தட்டையே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இன்னும் சில, டி செல்லின் மேலிருக்கிற பிரேக்கை மிதித்துவிடுகின்றன. அந்தப் பிரேக்குகளை விடுவிக்கலாம் என்று காட்டியதற்காகத்தான் 2018இல் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அது ஒரு வழி. இங்கே நாம் பேசுவது இன்னொரு வழி.

இன்னொரு வழி இப்படி யோசித்தது: தட்டைப் பார்த்தால்தான் டி செல்லுக்குத் தெரியும் என்றால், தட்டு இல்லாமலே பார்க்கிற கண்ணை அதற்கு வைத்துவிட்டால் என்ன? பி செல்கள் செய்கிற ஆன்டிபாடிக்குத் தட்டு வேண்டாம். செல்லின் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்குக் கொல்லத் தெரியாது. டி செல்லுக்குக் கொல்லத் தெரியும். இரண்டையும் ஒட்டினார்கள். 1989இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செலிக் எஷ்ஹாரும் சகாக்களும் ஆன்டிபாடியின் தலையை டி செல் ஏற்பியின் உடலோடு இணைத்துக் காட்டினார்கள். தலை ஒன்று, உடல் ஒன்று என்று அமைந்த கிரேக்கப் புராண மிருகத்தின் பெயரால் இதைச் ‘சைமெரிக்’ ஏற்பி என்கிறார்கள். நம் கோயில் தூண்களில் சிங்க முகமும் யானைத் துதிக்கையுமாக நிற்கிறதே யாளி, அந்த ஜாதி. ‘யாளி ஏற்பி’ என்று சொன்னால் தமிழில் தப்பில்லை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கார்-டி’ என்பது புழக்கத்திலுள்ள பெயர்.

முதல் யாளிகள் சீக்கிரமே சோர்ந்து செத்தன. பிடித்தால் மட்டும் போதாது, பிழைத்துப் பெருகவும் கூடுதலாக ஒரு சமிக்ஞை வேண்டும். நியூயார்க்கில் மிஷெல் சாடலேனும் மெம்பிஸில் டாரியோ கம்பானாவும் 2000களின் முற்பகுதியில் அந்தச் சமிக்ஞைகளை வாலில் சேர்த்தார்கள். இந்த இரண்டாம் தலைமுறைதான் மருந்தானது.

செய்முறை இது. நோயாளியின் ரத்தத்தை இயந்திரம் வழியாக ஓடவிட்டு வெள்ளணுக்களை மட்டும் எடுக்கிறார்கள். அதிலிருந்து டி செல்களைப் பிரித்து, யாளி ஏற்பிக்கான மரபணுவை ஒரு வைரஸ் மூலம் உள்ளே ஏற்றுகிறார்கள். அதிகம் பயன்படுவது லென்டிவைரஸ் எனப்படும் வாகனம். அது எது தெரியுமா? எச்.ஐ.வி.யைப் பல்லைப் பிடுங்கித் தயாரித்தது. டி செல்களை அழித்து கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற அதே வைரஸ், செல்லுக்குள் மரபணுவை ஏற்றத் தெரிந்தது என்கிற காரணத்துக்காக இங்கே வண்டியோட்டியாகியிருக்கிறது. மாற்றப்பட்ட செல்களைத் தொழிற்கூடத்தில் பெருக்குகிறார்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் நோயாளிக்குக் கீமோ மருந்து கொடுத்து, உள்ளே இருக்கிற பழைய வெள்ளணுக்களைக் குறைத்து இடம் பண்ணுகிறார்கள். பிறகு ஒரு பை. சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும்.

இதில் ‘சொந்தப் படை’ எங்கே இருக்கிறது? செல் நோயாளியுடையது. ஏற்பியின் தலை, முதல் மருந்துகளில், எலியிலிருந்து எடுத்த ஆன்டிபாடி. மரபணுவை ஏற்றியது எய்ட்ஸ் வைரஸின் எலும்புக்கூடு. பெருக்கியது தொழிற்கூடம். உள்ளே இருந்த சொந்த வெள்ளணுக்களோ இடம் காலி பண்ணுவதற்காகக் கொல்லப்பட்டவை. ‘தான்’ என்பதன் வெற்றியாக இதைக் கொண்டாடுகிறவர்கள், எத்தனை ‘பிற’ சேர்ந்து இந்தத் ‘தான்’ தயாரானது என்பதை மறைத்துவிடுகிறார்கள்.

4

2012 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவின் குழந்தைகள் மருத்துவமனையில், இரண்டு முறை ரத்தப்புற்று திரும்பிவிட்ட ஆறு வயதுச் சிறுமிக்கு இந்தச் செல்கள் ஏற்றப்பட்டன. சில நாளில் காய்ச்சல் கொதித்தது, ரத்த அழுத்தம் விழுந்தது, செயற்கை சுவாசக் கருவியில் வைத்தார்கள். பெருகிய டி செல்கள் எழுப்பிய ரசாயனக் கூச்சலில் உடம்பே ஆடிப்போயிற்று. சோதித்ததில் இன்டர்லூகின்-6 என்கிற பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஆராய்ச்சியை நடத்திய கார்ல் ஜூனுக்கு அதைத் தடுக்கிற டோசிலிசுமாப் என்கிற மருந்து தெரிந்திருந்தது, மூட்டுவாத மருந்து அது. அவருடைய மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் இருந்ததால் தெரிந்துவைத்திருந்தார். கொடுத்தார்கள். புயல் அடங்கியது, புற்றும் போயிற்று. பத்தாண்டுகளுக்கு மேலாகியும் திரும்பவில்லை.

இங்கேதான் முக்கியமான கேள்வி. அந்தச் செல்கள் எதைக் கொன்றன? ‘புற்றுநோயை’ என்பது பதிலில்லை. அவற்றின் ஏற்பிக்குப் புற்றுநோய் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது சிடி19 என்கிற ஒரு புரதம். பி செல்களின் வெளிச்சுவரில் அது இருக்கும், நல்ல பி செல் கெட்ட பி செல் என்கிற பேதம் கிடையாது. கார்-டி செல் அந்த முகவரியில் இருக்கிற எல்லோரையும் கொல்கிறது. தெருவில் ஒரு திருடன் இருக்கிறான் என்பதற்காகத் தெருவையே காலி பண்ணுவது மாதிரி. செல்கள் உடம்பில் தங்கி வேலை செய்கிற வரையில் நோயாளியிடம் பி செல்கள் இருக்காது, ஆன்டிபாடி சுரக்காது. பிறரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடியை அவ்வப்போது ஏற்றிக்கொள்ள வேண்டிவரும்.

இதை உயிரோடு இருந்து தாங்க முடிகிறது. இந்தச் சிகிச்சையின் வெற்றி ரகசியமே இதுதான். பி செல் இல்லாமல் மனிதர் வாழ முடியும். நுரையீரல் இல்லாமல் முடியாது. 2010இல் வெளிவந்த ஒரு அறிக்கை இதைக் கொடூரமாகக் காட்டியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், பெருங்குடல் புற்று பரவியிருந்த ஒரு நோயாளிக்கு ஹெர்2 என்கிற புரதத்தைக் குறிவைத்த 1000 கோடி செல்களை ஏற்றினார்கள். 15 நிமிடத்துக்குள் மூச்சுத் திணறல். ஐந்தாம் நாள் மரணம். நுரையீரலின் செல்களிலும் மிகக் குறைந்த அளவில் ஹெர்2 இருந்தது, ஏற்றிய செல்கள் அதைக் கண்டுகொண்டன என்பதே அறிக்கை தந்த விளக்கம். டி செல் தவறு செய்யவில்லை. சொன்ன முகவரிக்குச் சொன்னபடி போயிற்று.

ரத்தப்புற்றிலும் நிணநீர்ப்புற்றிலும், சிடி19க்குப் பதிலாக வேறொரு புரதத்தைக் குறிவைத்து மைலோமாவிலும் கிடைத்த வெற்றி, மார்பு, நுரையீரல், கணையம் போன்ற இடங்களில் திரளும் கட்டிகளில் இன்னும் அந்த அளவுக்குக் கிடைக்காமலிருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். கட்டிக்குள் டி செல் நுழைவதும் கஷ்டம், நுழைந்தாலும் அங்கே பிழைப்பதும் கஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, புற்று செல்லில் மட்டும் இருந்து அத்தியாவசிய உறுப்பில் இல்லாத முகவரி அபூர்வம். எதிரி என்று தனியாக ஒருவன் இருந்தால்தானே அவனுக்குத் தனி முகவரி இருக்கும்?

5

அடுத்து, முகவரி மாறுகிற கதை. 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 75 குழந்தைகளும் இளைஞர்களும் சிகிச்சை பெற்றிருந்தார்கள். மூன்று மாதத்துக்குள் 81 சதத்தினரிடம் நோய் மறைந்தது. ஓராண்டு முடிவில், நோய் திரும்புதல் முதலானவை நேராமல் இருந்தவர்கள் 50 சதம். திரும்பி வந்த புற்றுகளில் பலவற்றில் சிடி19 காணாமல் போயிருந்தது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு அதே வீட்டில் குடியிருக்கிறது, டி செல் வாசலைக் கடந்து போய்விடுகிறது.

அதே ஆண்டு ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த இன்னொரு சம்பவத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தொழிற்கூடத்தில் டி செல்களைப் பிரிக்கும்போது ஒரே ஒரு புற்று செல் கூடவே போயிருக்கிறது. அதற்குள்ளும் யாளி ஏற்பியின் மரபணு ஏறிவிட்டது. அந்த ஏற்பி தன் சுவரிலேயே இருந்த சிடி19ஐப் பிடித்து மூடிக்கொண்டது. இப்போது அதன் மேல் இருப்பது நம் படையின் சீருடை, முகவரியும் மறைந்துபோயிற்று. அந்த ஒரு செல்லிலிருந்து பெருகிய புற்று நோயாளியைக் கொன்றது. இதற்குப் பிறகும் ‘நம்மவர்’, ‘அவர்கள்’ என்று கோடு போட்டுப் பேசுவது எப்படி? 2024 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்த வகை மருந்துகளில் புதிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. சிகிச்சை பெற்ற சிலரிடம் பிற்பாடு டி செல்லிலேயே புற்று தோன்றியிருக்கிறது. எண்ணிக்கை மிகக் குறைவு. பலன் ஆபத்தைவிடப் பெரிது என்றே அந்நிறுவனம் சொன்னது. ஆனால் அர்த்தம் குறைவானதில்லை: வேலியே பயிரை மேய்வது இங்கே வெறும் பழமொழி மட்டுமில்லை.

இதையெல்லாம் தலைகீழாகப் புரட்டிப் போடுகிற செய்தி 2022இல் ஜெர்மனியின் எர்லாங்கனிலிருந்து வந்தது. லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்பு மண்டலமே உடம்பைத் தாக்குகிற நோய். கேன்சருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடும் லூபஸ் இருந்த ஐந்து பேருக்கு அங்குள்ள டாக்டர்கள் அதே சிடி19 டி செல்களை ஏற்றினார்கள். ஐந்து பேரிடமும் நோய் அடங்கியது. சில மாதங்களில் பி செல்கள் மறுபடி வந்தன, நோய் வரவில்லை. அப்ப இது கேன்சர் மருந்தா, லூபஸ் மருந்தா? பி செல் முகவரிக்குப் போகிற மருந்து, அவ்வளவுதான். முதல் நோயில் ‘எதிர்ப்பு சக்தி போதவில்லை’ என்கிறோம், இரண்டாவது நோயில் ‘எதிர்ப்பு சக்தி மிஞ்சிப் போச்சு’ என்கிறோம். இரண்டுக்கும் ஒரே செல், ஒரே வேலை. படை, எதிரி என்கிற உருவகத்தால் இதை விளக்கவே முடியாது.

விஞ்ஞானத்துக்குள்ளேயே மாற்றுக் குரல்கள் இல்லாமல் இல்லை. 1994இல் போலி மாட்ஸிங்கர், எதிர்ப்பு மண்டலம் அந்நியத்தைத் தேடுவதில்லை, ஆபத்தைக் கேட்கிறது என்றார். காயம்பட்ட திசு எழுப்பும் ஓலம்தான் அதை எழுப்புகிறது, வந்தவன் யார் என்கிற விசாரணை இல்லை. இந்தக் கருத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 2025இல் நோபல் பரிசு யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. மற்ற டி செல்களை அடக்கி வைக்கிற, சண்டையை நிறுத்துகிற டி செல்களைக் கண்டறிந்ததற்காக. தைமஸில் களையெடுத்த பிறகும் நம்மைத் தாக்கக்கூடிய செல்கள் வெளியே உலவிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றைத் தினமும் சமாதானப்படுத்தி வைத்திருப்பதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். ‘தான்’ என்பது எல்லைச் சுவரால் காக்கப்படுகிற நாடு இல்லை, ஓயாமல் நடக்கிற ஒரு பேச்சுவார்த்தை என்று இதைப் படிக்கலாம்.

6

‘சொந்தம்’ என்கிற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: உடைமை. 2017 ஆகஸ்ட் 30இல் அமெரிக்க அரசு முதல் கார்-டி மருந்துக்கு அனுமதி கொடுத்தது. நோவார்ட்டிஸ் கம்பெனியின் கிம்ரியா. ஒரு முறைக்கு விலை 4,75,000 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 3 கோடி ரூபாய். மருத்துவமனைச் செலவு தனி. மருந்தின் மூலப்பொருள் என்ன? நோயாளியின் ரத்தம். அவர் உடம்பிலிருந்து இலவசமாகப் போன செல் கம்பெனியின் சரக்காகத் திரும்பி வருகிறது. இந்த ஆராய்ச்சியின் ஆரம்ப வருடங்களைத் தாங்கியவை அரசு மானியங்களும் தொண்டு அமைப்புகளின் நன்கொடைகளும். உடம்பின் சொந்தப் படை என்கிற வசனம் இந்த இடத்தில் ரொம்ப உதவியாக இருக்கிறது. ஆலை, காப்புரிமை, பங்குச் சந்தை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல், ஏதோ உடம்பே தன்னைக் குணப்படுத்திக்கொள்கிற இயற்கை வைத்தியம் மாதிரித் தோன்றுகிறது.

விலை என்பது விஞ்ஞானத்தின் விதி இல்லை என்பதற்கு மும்பையில் சாட்சி இருக்கிறது. பம்பாய் ஐஐடியில் ராகுல் புர்வாரின் ஆய்வுக்கூடமும் டாடா நினைவு மையமும் சேர்ந்து சிடி19ஐக் குறிவைக்கும் டி செல்லை உருவாக்கின. எலி ஆன்டிபாடியை மனித வடிவத்துக்கு நெருக்கமாக மாற்றினார்கள். வைரஸ் வாகனத்தையும் உள்நாட்டிலேயே செய்தார்கள். 2021 ஜூனில் டாடா மையத்தில் முதல் நோயாளிக்கு ஏற்றப்பட்டது. 2023 அக்டோபரில் நெக்ஸ்கார்19 என்கிற பெயரில் அனுமதி கிடைத்தது. 2025இல் ‘லான்செட் ஹெமட்டாலஜி’யில் 64 பேரிடம் நடந்த சோதனையின் முடிவுகள் வெளிவந்தன. பலனை மதிப்பிட முடிந்தவர்களில் 73 சதத்தினரிடம் நோய் அடங்கியது அல்லது குறைந்தது. அறிமுக விலை 40 லட்சம் ரூபாயை ஒட்டி. அமெரிக்க விலையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு.

பத்தில் ஒன்று என்றதும் கைதட்டத் தோன்றும். தட்டலாம், தப்பில்லை. ஒரு நாட்டின் பொது நிறுவனங்கள் நினைத்தால் கம்பெனி விலையை எவ்வளவு தூரம் கீழே இறக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் 40 லட்சம் என்பது யாருக்குக் குறைவு? நிலத்தையும் நகையையும் விற்றுவிட்டு வாசலில் நிற்கிறவருக்கு 3 கோடியும் 40 லட்சமும் ஒன்றுதான். இந்தச் செல்லுக்கு முகவரி எழுதுகிறவர்கள் இரண்டு பேர். ஆய்வுக்கூடம் புரதத்தின் பெயரை எழுதுகிறது. விலைப்பட்டியல் வர்க்கத்தின் பெயரை எழுதுகிறது.

7

உருவகம்தானே, போகட்டுமே என்று சிலர் சொல்லக்கூடும். நோயாளிக்குத் தெம்பு கொடுத்தால் சரி என்றும் சொல்வார்கள். தெம்பு தருகிறது என்பதை மறுக்க முடியாது. ‘சண்டை போடு’ என்று சொல்லித்தான் பலர் பலரைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறார்கள். ஆனால் அதே மொழி செய்கிற இன்னொரு வேலையையும் பார்க்க வேண்டும். ‘உனக்கு எதிர்ப்பு சக்தி இல்ல, அதான் வந்துச்சு’ என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது குற்றம் நோயாளியின் தலையில் விழுகிறது. சிகிச்சை பலிக்காமல் இறந்தவரை ‘போராடித் தோற்றார்’ என்று அஞ்சலிக் குறிப்பு எழுதுகிறது. யார் தோற்றது? புற்று செல் சிடி19ஐ உதிர்த்தது அவருடைய மனஉறுதிக் குறைவாலா? பணம் புரளாமல் சிகிச்சையே தொடங்காதவர் எந்தக் களத்தில் தோற்றார்? போர் என்று சொல்லிவிட்டால் இழப்பும் இயல்பாகிவிடுகிறது. கணக்குக் கேட்கிறவன் கோழையாகிவிடுகிறான்.

முகவரி என்கிற சொல்லை இந்தக் கட்டுரை முழுக்கப் பயன்படுத்தியதற்குக் காரணம் இதுதான். அதுவும் உருவகம்தான், உருவகமில்லாமல் செல்லைப் பற்றிப் பேச யாராலும் முடியாது. ஆனால் எதிரி என்கிற சொல் கேள்வியை நிறுத்துகிறது, முகவரி என்கிற சொல் கேள்வியைத் தொடங்கிவைக்கிறது. கார்-டி பற்றி டாக்டரிடம் கேட்க உட்காருகிற குடும்பம் இப்படிக் கேட்கலாம். இந்தச் செல் எந்த முகவரிக்குப் போகுது? அந்த முகவரியில வேற யாரெல்லாம் குடியிருக்காங்க, அவங்க போயிட்டா என்ன ஆகும்? நோய் முகவரிய மாத்திக்கிட்டா அடுத்து என்ன வச்சிருக்கீங்க? செல் தயாராகி வர்றதுக்குள்ள நோய் முத்திப்போனா என்ன செய்வீங்க? காய்ச்சல் வந்தா பாக்கறதுக்கு ராத்திரி ஐசியூவில யார் இருப்பாங்க? இவ்வளவு பணத்துல மருந்துக்கு எவ்வளவு, மத்ததுக்கு எவ்வளவு, யார் கட்டணும்?

இவற்றில் ஒன்றுக்குக்கூட ‘உங்க சொந்தப் படையே எதிரியை அழிச்சிடும்’ என்பது பதிலாகாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேர்மையான ஒரு பதிலைச் சாதாரணத் தமிழில், பத்து நிமிடத்தில் சொல்லிவிட முடியும். அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்குவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.